ஏற்காட்டில் தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்?

தண்ணீரின் கொதிநிலை என்ன என்று தமிழ்நாட்டின் எந்த நடுநிலைப் பள்ளியில் கேட்டாலும் வகுப்பே சேர்ந்து "நூறு டிகிரி சார்" என்று சொல்லும். ஆசிரியர் "சரி" என்பார். அடுத்த கேள்விக்குப் போவார். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, சேர்வராயன் மலைமேல் இருக்கும் ஒரு பள்ளிக்குப் போய்க் கேட்டாலும் இதே பதில்தான் வரும். ஆனால் அந்தப் பள்ளியின் அறிவியல் பெட்டியிலிருந்து ஒரு வெப்பநிலைமானியை எடுத்து, சத்துணவுக் கூடத்தில் தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் வைத்துப் பார்த்தால் அது 95-ஐ ஒட்டி நின்றுவிடும். எவ்வளவு விறகு வைத்தாலும் மேலே ஏறாது. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் முன்னதாகவே கொதித்துவிடுகிறது. ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கும் சேலத்தில் அது 99 டிகிரிக்கு அருகில் கொதிக்கும்.

பாடநூலில் தவறு இல்லை. இயல்பான வளிமண்டல அழுத்தத்தில் என்ற நிபந்தனையோடுதான் எந்த நல்ல பாடநூலும் நூறு டிகிரி என்று சொல்லும். கேள்வியும் பதிலுமாக வகுப்பில் புழங்கும்போது அந்த நிபந்தனை உதிர்ந்துபோகிறது, எண் மட்டும் மிஞ்சுகிறது. குழந்தைகளின் கண்ணெதிரே, பத்தடி தூரத்தில், அந்த எண்ணை மறுக்கும் பாத்திரம் கொதித்துக்கொண்டிருக்கிறது. அதை நோக்கி யாருடைய பார்வையும் திரும்பாமல் பார்த்துக்கொள்வது ஆசிரியரின் அலட்சியம் அல்ல, அவருடைய கேள்வியின் வடிவம்.

அந்த வடிவத்தை முதலில் துல்லியமாகப் பிரித்துக் காட்டியவர்கள் மொழியியலாளர்கள். வகுப்பறைப் பேச்சை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்த ஜான் சின்க்ளேரும் மால்கம் கூல்த்தார்டும் 1975-இல் வெளியிட்ட நூலில், ஆசிரியர் தொடங்குவது, மாணவர் பதில் சொல்வது, அந்தப் பதில் மேல் ஆசிரியர் ஒரு சொல் சொல்வது என்ற மூன்று அடிகளே வகுப்புப் பேச்சின் அச்சு என்று காட்டினார்கள். 1979-இல் அமெரிக்க ஆய்வாளர் ஹ்யூ மெஹன் அந்த மூன்றாம் அடியின் விசித்திரத்தைச் சுட்டினார். அவர் சொன்னதை ஏற்காட்டுக்குப் பொருத்திச் சொல்கிறேன். பேருந்து நிலையத்தில் ஒருவரிடம் மணி கேட்கிறோம், அவர் சொல்கிறார், "நன்றிங்க" என்கிறோம். "பரவாயில்லையே, சரியாகச் சொன்னீர்களே" என்று சொன்னால் அவர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். பதிலை முன்பே கையில் வைத்துக்கொண்டு கேட்பவர்தான் அப்படிச் சொல்ல முடியும். பள்ளிக்கூடத்துக்கு வெளியே அப்படிக் கேட்பவர்கள் மிகக் குறைவு.

தமிழ் இலக்கணத்துக்கு இந்த வேறுபாடு புதிதல்ல. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் வினாவை ஆறாகப் பகுக்கிறது: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. விடை தெரிந்தே கேட்பது அறிவினா, தெரியாமல் கேட்பது அறியா வினா. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இன்றும் இந்தப் பகுப்பு இருக்கிறது. அறிவினாவுக்கு வழக்கமாகத் தரும் எடுத்துக்காட்டு ஆசிரியர் மாணவரிடம் கேட்பது. அறியா வினாவுக்கு மாணவர் ஆசிரியரிடம் கேட்பது. இலக்கணமாக இதைக் கற்பிக்கும் நாம், ஒரு நாளில் நம் வகுப்பில் எழும் வினாக்களில் எத்தனை முதல் வகை, எத்தனை இரண்டாம் வகை என்று எண்ணிப் பார்ப்பதில்லை. மாணவர் கேட்கும் அறியா வினாவே அரிது. ஆசிரியர் மாணவரிடம் கேட்கும் அறியா வினா என்றொரு வகைக்கு எடுத்துக்காட்டுக்கூட நம் நினைவில் எழுவதில்லை. சேர்வராயன் மலையைப் பொறுத்தவரை இந்தக் கடைசி வகைதான் எல்லாவற்றையும் மாற்றக்கூடியது என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

ஒரு வினாடி

கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்? இதை அளந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளருக்கு. தொடக்கப் பள்ளி அறிவியல் வகுப்புகளின் முந்நூறுக்கும் மேற்பட்ட ஒலிநாடாக்களைக் கேட்டு, 1974-இல் முடிவுகளை வெளியிட்டார். கேள்வி முடிந்து பதில் வர ஆசிரியர்கள் சராசரியாகக் காத்திருந்த நேரம் ஒரு வினாடி. அதற்குள் பதில் வராவிட்டால் கேள்வியைத் திருப்பிக் கேட்டார்கள், அல்லது வேறொருவரைக் கைகாட்டினார்கள், அல்லது தாங்களே சொல்லிவிட்டார்கள். குழந்தை பதில் சொல்லி முடித்ததும் ஆசிரியர் வாய் திறக்க எடுத்துக்கொண்ட நேரம் அதைவிடக் குறைவு, 0.9 வினாடி.

பயிற்சி தந்து இந்த நேரத்தை மூன்று முதல் ஐந்து வினாடியாக நீட்டியபோது நடந்ததுதான் ஆய்வின் சாரம். பதில்கள் நீண்டன. "தெரியாது" என்பதும் மௌனமும் குறைந்தன. "இப்படி இருக்கலாமோ" என்று ஊகித்துச் சொல்வது கூடியது. தாங்கள் சொல்வதற்குச் சான்று காட்டத் தொடங்கினார்கள்; ஒருவர் சொன்னதை இன்னொருவர் ஒப்பிட்டுப் பேசினார்கள்; தாங்களே கேள்வி கேட்டார்கள். மெதுவாகக் கற்பவர்கள் என்று ஆசிரியர்கள் எண்ணியிருந்த பிள்ளைகள் அதிகமாகப் பேசினார்கள். புதிய புத்தகம் இல்லை, கருவி இல்லை, செலவு இல்லை, இரண்டு வினாடி மட்டும்.

பதிலுக்குப் பின் காத்திருப்பது இன்னும் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. குழந்தை பேசும்போது முதலில் வருவது பெரும்பாலும் எண்ணத்தின் முனை மட்டும்தான். "சார், அது வந்து… மேல காத்து கம்மி" என்று ஒரு பையன் நிறுத்துகிறான். உடனே "வெரி குட்" என்று சொன்னால் அந்த எண்ணம் அங்கேயே முடிந்துவிடும். சும்மா இருந்தால் "…அதனாலதான் பஸ்ல வரும்போது காது அடைக்குதா சார்?" என்று அவனே தொடரலாம். காற்றழுத்தம் பற்றிய பாடத்தின் பாதியை அவன் அந்த ஒரு வரியில் எடுத்துவிடுகிறான். அள்ளி வீசும் பாராட்டு சிந்தனையை வெட்டிவிடும் என்பதையும் ரோ அதே ஆய்வில் சொல்லியிருக்கிறார். நம் பயிற்சிக் கூட்டங்களில் பாராட்டின் அவசியம் பற்றிப் பேசாத நாள் இல்லை. இந்தப் பக்கத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

பேசாத பிள்ளைகள்

சேர்வராயன் மலையின் பெரும்பாலான கிராமங்களில் வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். பெயர் அப்படி இருந்தாலும் பேசுவது தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களின் வாய்மொழி வரலாறு. சாமையும் ராகியும் விளைந்த நிலம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்தார். அதன்பின் எஸ்டேட்டுகள் வளர்ந்தன, கூலி வேலை வந்தது, ஊருக்குள் ஆங்கிலவழி உறைவிடப் பள்ளிகள் வந்தன. 1917-இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் பள்ளிக்கு நாட்டின் பல மூலைகளிலிருந்து பிள்ளைகள் வந்து படித்திருக்கிறார்கள். அதே மலையின் கிராமங்களில் ஈராசிரியர் தொடக்கப் பள்ளிகளும், ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத் துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகளும் இருக்கின்றன. இந்தக் கட்டுரை பேசுவது பின்னவற்றைப் பற்றி.

மலைப் பள்ளிகளில் வேலை பார்த்த ஆசிரியர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: "நல்ல பிள்ளைங்க, ஆனா வாயே திறக்க மாட்டாங்க." பரிவோடுதான் சொல்கிறார்கள். கூச்சம், வீட்டில் படித்தவர் இல்லை, வெளியுலகம் தெரியாது என்று காரணங்களையும் அடுக்குவார்கள். எல்லாக் காரணமும் குழந்தையிடமே இருக்கிறது. கேட்கப்படும் கேள்வியைப் பற்றி ஒரு சொல் இல்லை.

உலகின் வேறொரு மூலையில் இதே மௌனத்தை ஒருவர் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து கவனித்தார். அமெரிக்காவின் ஆரகன் மாநிலத்தில் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற பழங்குடிக் குடியிருப்பு. அங்கே ஆய்வு செய்த சூசன் பிலிப்ஸ் 1983-இல் வெளியிட்ட நூலில் சொல்வது இது: ஆசிரியர் முழு வகுப்பின் முன் ஒருவரை எழுப்பிக் கேட்டால் பழங்குடிக் குழந்தைகள் பேசவில்லை. அதே குழந்தைகள் குழுவாக ஒரு வேலையைத் தாங்களே நடத்திச் செய்யும்போது தங்குதடையின்றிப் பேசினார்கள். ஆசிரியரின் மேசைக்குப் போய்த் தனியாகக் கேட்கவும் தயங்கவில்லை. அவர்கள் சமூகத்தில் ஒருவரைத் தனியே நிறுத்தி எல்லார் முன்னிலையிலும் சோதிப்பது வழக்கமில்லை. பார்த்து, கூடச் செய்து, தனக்கு வரும் என்று தோன்றிய பிறகே ஒருவர் முன்வருவார். பள்ளி அந்த ஒழுங்கைத் தலைகீழாக்கி, தெரியும் முன்பே மேடையேறச் சொன்னது.

அதே 1983-இல் வெளியான ஷெர்லி பிரைஸ் ஹீத்தின் நூல் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. கரோலினா மாநிலங்களின் ஆலைப் பகுதியில், டிராக்டன் என்று அவர் புனைபெயரிட்ட கறுப்பினத் தொழிலாளர் குடியிருப்பில், பெரியவர்கள் குழந்தைகளிடம் "இது என்ன நிறம்?" என்று கேட்பதில்லை. நிறம்தான் எதிரே தெரிகிறதே! தங்களுக்குத் தெரியாததைத்தான் கேட்டார்கள். இது எதைப் போல இருக்கிறது, நேற்று என்ன நடந்தது என்பது போன்ற கேள்விகள். அப்படி வளர்ந்த குழந்தை பள்ளியில் அறிவினாவை எதிர்கொண்டபோது, பார்த்தாலே தெரிவதை இந்த அம்மா ஏன் கேட்கிறார் என்று குழம்பி மௌனமானது. ஆசிரியர்கள் கேள்விகளை மாற்றியபோது அந்தக் குழந்தைகள் பேசினார்கள். பிறகு பள்ளியின் கேள்விகளுக்கும் பழகினார்கள். ஹவாயின் ஹொனலுலுவில் 1970-களில் தொடங்கிய கமேஹமேஹா கல்வித் திட்டத்திலும் இதே பாடம்தான். ஒருவர் பேச்சில் ஒருவர் புகுந்து கூட்டாகக் கதை சொல்லும் உள்ளூர்ப் பழக்கத்தை வாசிப்பு வகுப்புக்குள் அனுமதித்ததும், கதையைப் பற்றிய குழந்தைகளின் பேச்சு செறிவானது.

மலையாளிக் குழந்தைகளும் வார்ம் ஸ்பிரிங்ஸ் குழந்தைகளும் ஒன்றல்ல. ஆனால் காபித் தோட்டத்துக்குத் தாயோடு போய், எந்தப் பழம் பறிக்கலாம், எது இன்னும் இரண்டு நாள் நிற்கட்டும் என்பதைப் பார்த்துப் பார்த்தே கற்ற ஒரு சிறுமியை எடுத்துக்கொள்வோம். அவளிடம் யாரும் "பழுத்த காபிப் பழத்தின் நிறம் என்ன?" என்று கேட்டிருக்க மாட்டார்கள். அவள் கை சரியான பழத்துக்குப் போகிறதா என்பதுதான் அங்கே தேர்வு. அந்தச் சிறுமியை எழுப்பி நிறுத்தி, "தாவரத்தின் பாகங்களைக் கூறு" என்று கேட்டு, ஒரு வினாடிக்குள் பதில் வராததால் அவளுக்குத் தெரியாது என்று முடிவு செய்கிறோம். இந்த முடிவு அநியாயமானது என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

இன்னொரு தடை மொழியில் இருக்கிறது. அது மலைக்கு மட்டுமல்ல, தமிழ்நாடு முழுமைக்கும் பொது. மலையில் கூடுதலாக உறைக்கிறது. டக்ளஸ் பார்ன்ஸ் என்ற ஆங்கிலேயக் கல்வியாளர் 1976-இல் இரண்டு வகைப் பேச்சைப் பிரித்தார். யோசித்துக்கொண்டே தட்டுத்தடுமாறித் தேடும் பேச்சு ஒன்று. யோசித்து முடித்ததைச் சபைக்குச் சொல்லும் பேச்சு மற்றொன்று. கற்றல் பெரும்பாலும் முதல் வகையில்தான் நடக்கிறது என்றார். தமிழில் இந்த இரண்டுக்கும் இடையே மொழியே மாறுகிறது. குழந்தை யோசிப்பது வீட்டுத் தமிழில், ஆசிரியர் எதிர்பார்ப்பதோ "முழு வாக்கியமாகச் சொல்" என்ற புத்தகத் தமிழில். நினைப்பைக் கோத்துக்கொண்டிருக்கும்போதே "வெப்பத்தினால் நீரானது ஆவியாகிறது" என்ற நடைக்கு மாற்றவும் வேண்டும் என்றால் பத்து வயதுப் பிள்ளை என்ன செய்யும்? வாயை மூடிக்கொள்ளும், அல்லது நோட்ஸில் இருப்பதை ஒப்பிக்கும். மலைக் குழந்தைகளின் வீட்டுத் தமிழ் சமவெளி ஆசிரியரின் பேச்சுத் தமிழிலிருந்தும் சற்று விலகியது என்பதால் அங்கே தயக்கம் இரட்டிப்பாகிறது. எழுதும்போது புத்தகத் தமிழ் கட்டாயம் வேண்டும். அதற்கு முன் பேசித் தேடும் பத்து நிமிடத்தில் எந்தத் தமிழ் வந்தாலும் யாரும் திருத்தக் கூடாது.

அட்டைகளும் ஏணியும்

வகுப்பறையை மாற்றும் முயற்சிகளில் தமிழ்நாடு பின்தங்கிய மாநிலம் அல்ல. மதனப்பள்ளிக்கு அருகே ரிஷிவேலியில் பத்மநாப ராவும் ரமாவும் சிற்றூர்ப் பள்ளிகளுக்காக உருவாக்கிய முறையைப் பார்த்து, சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம். பி. விஜயகுமாரின் முயற்சியால் 2003-இல் மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-08-க்குள் மாநிலத்தின் 37,000-க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. கற்றல் ஏணி, அட்டைகள், குழந்தைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை, தரையில் குழந்தைகளோடு அமரும் ஆசிரியர் என்று வகுப்பின் தோற்றமே மாறியது. பல வகுப்புகளை ஒரே அறையில் வைத்து நடத்தும் மலைப் பள்ளிகளுக்கு இது இயல்பாகப் பொருந்தியது. பிரம்பு பின்வாங்கியது. குழந்தை தன் வேகத்தில் போகலாம் என்ற எண்ணம் அரசுப் பள்ளிக்குள் நிலைகொண்டது. இந்த நன்மைகளைக் குறைத்துச் சொல்வது நன்றிகெட்ட செயல்.

ஆனால் அட்டை பேசாது. ஏணியில் ஒவ்வொரு குழந்தையும் தன் அட்டையை எடுத்து, செய்து, குறித்து, அடுத்ததற்கு நகர்ந்தது. ஆசிரியர் சொல்லி மாணவர் கேட்கும் வகுப்பை அது உடைத்தது உண்மை. அந்த இடத்தில் மாணவர் பேசி மாணவர் கேட்கும் வகுப்பை அது கட்டவில்லை. அட்டையில் இருந்த வினாக்களும் பெரும்பாலும் அறிவினாக்களே. ஆறு முதல் எட்டாம் வகுப்புக்கு வந்த படைப்பாற்றல் கல்வியில் மனவரைபடமும் குழுக் கலந்துரையாடலும் தொகுத்து வழங்குதலும் இருந்தன. காகிதத்தில் அது பேச்சுக்கு இடம் தந்த முறை. நடைமுறையில் மனவரைபடம் வரைவதே பாடமாகி, ஏன் என்று கேட்பது உதிர்ந்துபோனது. 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, கொரோனாக் கால இழப்பை ஈடுகட்ட வந்தது. பாட்டும் கதையும் பொம்மையும் அதில் நிறைய. அங்கும் குழந்தையின் சொந்தக் கேள்விக்குக் கால அட்டவணையில் தனி இடம் இல்லை.

அந்த இடத்தை உண்டாக்கிய ஒரு இந்திய முயற்சியை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் கிஷோர் பாரதி, ரசூலியாவின் நண்பர்கள் ஊரக மையம் ஆகிய அமைப்புகள் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு அறிவியல் கல்வித் திட்டத்தைத் தொடங்கின. 1982-இல் உருவான ஏகலவ்யா அமைப்பு அதை ஏற்று நடத்தி, பல மாவட்டங்களின் நூற்றுக்கணக்கான அரசுப் பள்ளிகளுக்குக் கொண்டுசென்றது. சோதனை செய்து, பேசி, விவாதித்து முடிவுக்கு வருவதுதான் பாடம். தேர்வுக்குப் புத்தகத்தை எடுத்துப் போகலாம். அந்தத் திட்டத்தில் சவாலிராம் என்று ஒருவர் இருந்தார். அவர் ஒரு கற்பனை மனிதர். குழந்தைகள் தங்களுக்குத் தோன்றிய எந்தக் கேள்வியையும் அவருக்குக் கடிதமாக எழுதலாம். ஆசிரியரிடம் கேட்கக் கூசிய கேள்விகள், பாடத்துக்குத் தொடர்பில்லாத கேள்விகள் எல்லாம் அவருக்குப் போயின, பதிலும் வந்தது. 2002-இல் மாநில அரசு திட்டத்தையே நிறுத்திவிட்டது. முப்பது ஆண்டுகள் அரசுப் பள்ளிக்குள், அரசு ஆசிரியர்களைக் கொண்டே நடந்த ஒன்றை "நடைமுறைக்கு ஒவ்வாதது" என்று யாரும் தள்ள முடியாது. நம் ஊரில் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் துளிர் இதழும் இந்த மரபின் உறவினர்கள்தான். பள்ளி நேரத்துக்கு வெளியே அவை செய்ததைப் பள்ளி நேரத்துக்குள் கொண்டுவருவது பாக்கி.

கொதிக்கும் பாத்திரத்துக்குத் திரும்பினால்

ஏழாம் வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் முதலில் கேட்கிறார்: "இந்தத் தண்ணி எத்தனை டிகிரியில கொதிக்கும்னு நினைக்கிறீங்க? ஏன்?" வகுப்பு நூறு என்கிறது. அவர் சரி என்றும் சொல்லவில்லை, தவறு என்றும் சொல்லவில்லை. கரும்பலகையில் 100 என்று எழுதிவிட்டு வெப்பநிலைமானியைத் தருகிறார். 95-இல் நிற்கிறது. இப்போது அறை கலகலக்கும். "மீட்டர் ரிப்பேர் சார்" என்பதுதான் முதலில் வரும் பதில். அற்புதமான பதில் அது. அறிவியலாளர்களும் முதலில் கருவியைத்தான் சந்தேகிப்பார்கள். "சரி கண்ணு, ரிப்பேரா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கலாம்?" என்று அவர் கேட்டால், கேள்வி இப்போது எல்லாருடையதும் ஆகிவிடுகிறது. உருகும் பனிக்கட்டியில் வைத்து 0 காட்டுகிறதா என்று பார்க்கலாம். வேறொரு மானியை வைக்கலாம். சேலத்திலிருந்து தினமும் மலையேறி வரும் ஆசிரியர் என்றால் அதே மானியை வீட்டுக்கு எடுத்துப் போய், அங்கே என்ன காட்டுகிறது என்று மறுநாள் வந்து சொல்லலாம். வீட்டில் பருப்பு வேக எவ்வளவு நேரம் ஆகிறது, குக்கரில் ஏன் சீக்கிரம் வேகிறது என்று இரண்டு பேர் கேட்பார்கள். அழுத்தமும் கொதிநிலையும் பற்றிய விளக்கத்தை ஆசிரியர் சொல்ல வேண்டிய நேரம் அதுதான். அதை அவர் தெளிவாகச் சொல்லத்தான் வேண்டும். கேள்வி கேட்பது விளக்குவதற்கு மாற்று அல்ல. விளக்கம் தேவைப்படும் மனநிலையை அது உண்டாக்குகிறது.

இந்த வகுப்பின் இயந்திரத்தைப் பார்த்தால் மூன்றாம் அடியில்தான் மாற்றம் இருக்கிறது. "சரி" என்ற இடத்தில் "எப்படித் தெரியும்?", "அவ சொல்றத நீ ஒத்துக்கிறியா?", "வேற யாராவது வேற மாதிரி நினைக்கிறீங்களா?" என்பவை வருகின்றன. இங்கிலாந்தில் ராபின் அலெக்சாண்டர் இதற்கு உரையாடல்வழிக் கற்பித்தல் என்று பெயரிட்டு வளர்த்தார். இங்கிலாந்து, பிரான்ஸ், இந்தியா, ரஷ்யா, அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் தொடக்கப் பள்ளிகளை ஒப்பிட்டு ஆராய்ந்தவர் அவர். நம் வகுப்புகளின் கூட்டுப் பதில் ஓசை அவருக்குப் பழக்கமானது. அவருடைய முறையை பர்மிங்காம், பிராட்ஃபோர்ட், லீட்ஸ் நகரங்களில், ஏழைக் குழந்தைகள் அதிகமாகப் படிக்கும் எழுபதுக்கும் மேற்பட்ட பள்ளிகளில், 9, 10 வயதினர் சுமார் 5,000 பேரிடம் சோதித்தார்கள். ஆசிரியர்கள் தங்கள் வகுப்பைத் தாங்களே படம்பிடித்துப் பார்த்து, சக ஆசிரியரோடு பேசித் திருத்திக்கொண்டார்கள். 2017-இல் வெளியான மதிப்பீட்டின்படி, மற்றப் பள்ளிகளை ஒப்பிட ஆங்கிலத்திலும் அறிவியலிலும் இரண்டு மாதப் படிப்பு அளவுக்கும் கணக்கில் ஒரு மாத அளவுக்கும் கூடுதல் முன்னேற்றம் தெரிந்தது. இது பெரும் புரட்சி அல்ல. ஆனால் பேசிக்கொண்டிருந்தால் பாடம் முடியாது, மார்க் குறையும் என்ற அச்சத்துக்கு இது நேரான பதில்.

மலைக்கே உரிய ஒரு வாய்ப்பு இதில் இருக்கிறது. சமவெளியிலிருந்து வரும் ஆசிரியருக்கு உண்மையிலேயே தெரியாத பல விஷயங்கள் அந்தக் குழந்தைகளுக்குத் தெரியும். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி எந்தப் பக்கம் அடர்ந்து ஏறுகிறது? மார்ச், ஏப்ரலில் மழை தவறினால் காபிப் பூ என்ன ஆகிறது? பனி மூடிய நாளில் களத்தில் போட்ட காபி காய எத்தனை நாள் கூடுதலாகப் பிடிக்கிறது? இவை ஆசிரியர் நடிக்காமல் கேட்கக்கூடிய அறியா வினாக்கள். இங்கிருந்து கணக்குக்குப் போகலாம்: ஏறத்தாழ ஆறு கிலோ பழத்திலிருந்து ஒரு கிலோ காபிக் கொட்டைதான் கிடைக்கும். அப்படியானால் ஒருவர் ஒரு நாளில் பறிக்கும் பழம் எத்தனை கிலோ கொட்டை ஆகும்? மற்ற ஐந்து கிலோ எங்கே போயிற்று? தோலில் எவ்வளவு, தண்ணீரில் எவ்வளவு? விகிதமும் ஆவியாதலும் தொழிலும் கூலியும் ஒரே கேள்வியில் வந்து சேர்கின்றன. கூலி பற்றிய பேச்சு வரும்போது ஆசிரியர் தயங்குவார். தயங்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. அந்தக் கணக்கு அந்தக் குழந்தைகளின் வீட்டில் தினமும் போடப்படுவதுதான்.

ஈராசிரியர் பள்ளியின் பலவகுப்பு அறை பெரும் குறை என்றே எல்லாரும் பேசுகிறோம். அறுபது குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் போதும் என்று கல்வி உரிமைச் சட்டமே வகுத்திருப்பதால் மலையில் இந்த நிலை தொடரத்தான் செய்யும். நியாயமான குறைதான், கூடுதல் ஆசிரியர் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் பேச்சைப் பொறுத்தவரை அந்த அறையில் ஒரு சக்தி இருக்கிறது. நன்னூல் கற்றலின் கணக்கு ஒன்றைப் போடுகிறது: ஆசிரியரிடமிருந்து கிடைப்பது கால் பங்கு, உடன் படிப்பவரோடு பழகிப் பெறுவது கால் பங்கு, பிறருக்கு எடுத்துரைக்கும்போது மீதி அரைப் பங்கும் நிறையும். ஐந்தாம் வகுப்புப் பெண் மூன்றாம் வகுப்புத் தம்பிக்குத் தன் வீட்டுத் தமிழில் கழித்தல் சொல்லித் தரும்போது அந்த அரைப் பங்குதான் நடக்கிறது. திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை முறை இதைக் கண்டிருந்தது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூர் அனாதை இல்லத்தில் ஆண்ட்ரூ பெல் குழந்தைகளைக் கொண்டே குழந்தைகளுக்குக் கற்பித்து, அதை 'மதராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கே அது ஒப்பிக்க வைக்கும் ஆலையாக மாறியது வேறு கதை. சட்டாம்பிள்ளைக்குப் பிரம்பைக் கொடுக்காமல் கேள்வியைக் கொடுக்க வேண்டும்.

கூட்டாகப் பதில் சொல்வதையே ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வாய்ப்பாட்டுக்கும் எழுத்து அறிமுகத்துக்கும் பாட்டுக்கும் கூட்டுக் குரல் நல்லது; கூச்சமுள்ள பிள்ளைக்கு அது ஒரு போர்வை. எதுவும் தெரியாமல் வெறுமனே விவாதிக்க விடுவதும் பயனற்றது. கொதிநிலை பற்றிய பேச்சு வளம் பெற்றது வெப்பநிலைமானி கையில் இருந்ததால்தான். ஆசிரியரின் தெரியாமை உண்மையாக இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். தெரிந்ததைத் தெரியாததுபோல் நடித்துக் கேட்டால் குழந்தைகள் இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஆசிரியருக்கு யார் இப்படிக் கற்பிக்கிறார்கள் என்பதில்தான் பெரிய முடிச்சு. குறுவள மையக் கூட்டத்தில் கலந்துரையாடலின் சிறப்பு பற்றி ஒருவர் இரண்டு மணி நேரம் திரையைப் பார்த்துப் பேச, ஆசிரியர்கள் வரிசையாக உட்கார்ந்து குறிப்பெடுக்கும் காட்சி தமிழ்நாட்டில் புதிதல்ல. "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லாரும் சேர்ந்து "புரிந்தது" என்பார்கள். கொதிநிலைக்கு நூறு என்று சொன்ன அதே கூட்டுக் குரல்தான். கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு குழந்தை அச்சமின்றித் தன் கருத்தைச் சொல்ல வேண்டும் என்கிறது. ஆசிரியருக்கும் அதே உரிமை அந்தக் கூட்டத்தில் வேண்டும்.

ஏற்காடு வட்டாரத்திலேயே இதைத் தொடங்கலாம். ஆசிரியர் தன் வகுப்பில் பதினைந்து நிமிடத்தைக் கைபேசியில் ஒலிப்பதிவு செய்துகொள்ளட்டும். குறுவள மையக் கூட்டத்தில் நான்கைந்து பேர் சேர்ந்து அதைக் கேட்டு, மூன்றை மட்டும் எண்ணட்டும்: கேள்விக்குப் பின் எத்தனை வினாடி, "சரி", "வெரி குட்" எத்தனை முறை, குழந்தைகள் தாங்களாகக் கேட்டது எத்தனை. அந்தப் பதிவை மேலதிகாரி கேட்கக் கூடாது, மதிப்பெண் போடக் கூடாது. அப்படிச் செய்தால் மறுமுறை ஒத்திகை பார்த்த வகுப்புதான் பதிவாகி வரும். உத்தமசோழபுரத்தில் இருக்கும் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம், மலைப் பள்ளி ஆசிரியர்களிடமிருந்தே காபி, மிளகு, பனி, மழை பற்றிய அறியா வினாக்களைத் திரட்டி ஒரு சிறு கையேடாக அச்சிடலாம். பழம் பறிக்கும் பருவத்தில் வருகை குறையும் மலைப் பள்ளிகளில், வராத பிள்ளை திரும்பி வரும் நாளில் அவளிடம் கேட்க அந்தக் கையேட்டிலிருந்து ஒரு கேள்வியை ஆசிரியர் எடுத்து வைத்திருக்கலாம். "ஏன் வரல?" என்பதற்கு முன் அதைக் கேட்க வேண்டும்.